சங்குக்கூடத் தெருவுக்குப் பசித்த ஞாயிறுகள்

ஆடிக் காற்று உப்பளங்களின் மேல் புழுதியைத் தூக்கி வீசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரியைப் பார்த்து சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த பிரின்சிட்டா மச்சாதுவின் பசி, பெரியதாழைக்கும் உவரிக்கும் நடுவில் எங்கோ அவளை விட்டு இறங்கி, வந்த ரோட்டிலேயே திரும்பிப் போய், அவள் குடியிருந்த சங்குக்கூடத் தெருவுக்குள் நுழைந்து வீடு வீடாக ஏறியது. பூசை முடிந்து வந்து வயிறாரச் சாப்பிட்டிருந்த ஜனங்கள் கை காயும் முன்னே மறுபடியும் தட்டை எடுத்தார்கள். சுயம்புலிங்கத்தின் மெஸ்ஸில் மத்தியானத்துக்கு வடித்த சோறு மத்தியானம் வரும் முன்பே தீர்ந்தது. இரவுக்கு வைத்திருந்த மாவை எடுத்துத் தோசையாக ஊற்றி, அதுவும் தீர்ந்து, கடைசியில் சுயம்புலிங்கமே கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்ப் பானையின் அடியில் ஒட்டிக்கிடந்த பருக்கைகளைச் சுரண்டித் தின்றார். காற்று மாறினால் வயிறும் மாறும் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள்.

பிரின்சிட்டா துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தாள். நாற்பது வயது. புருஷன் லாரன்ஸ் சரக்குக் கப்பலில் இருந்தான். வருஷத்தில் பாதிக்கு மேல் அவன் எந்தக் கடலில் இருக்கிறான் என்பதை வரைபடம் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். நீச்சல் அவளுக்கு நடக்கப் பழகும்போதே வந்தது. சைக்கிள் முப்பத்தைந்துக்கு மேல் வந்தது, ஓட்டம் அதற்கும் பிறகு. மூன்றும் வந்தபின், கடலில் நீந்திக் கரையேறி, நனைந்த உடம்போடு நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கிய காலோடு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கிற அந்தப் பெரிய டிரையத்லான் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டாள். கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு ஆசை இல்லை.

காலும் நெஞ்சும் அவள் சொன்னபடி கேட்டன. கேட்காதது வயிறுதான். அத்தனை தூரம் போக வேண்டுமானால் போகப் போகச் சாப்பிட வேண்டும், உடம்பில் சேர்த்து வைத்த தெம்பு பாதித் தூரத்துக்குக்கூடக் காணாது. ஆனால் வெயில் ஏறி நாலைந்து மணி நேரம் ஆனதும் அவள் வயிறு வாசலைச் சாத்திக்கொள்ளும். வாழைப்பழம் கொடுத்தால் வாழைப்பழம் வெளியே வரும், குளுக்கோஸ் கொடுத்தால் குளுக்கோஸ் வெளியே வரும். பசியோ உள்ளே நின்று கத்தும். முந்தின வருஷப் போட்டியில் ஓட்டம் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே ரோட்டோரம் உட்கார்ந்து, தன் காலைத் தானே அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்த அவளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

அதனால், உவரி கோயில் கோபுரத்தைத் தாண்டியபோது பசிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாலும், அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று இருந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் இதுவே நடந்தது. பிறகு ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்து சைக்கிள் வீட்டுக்குள் நின்றது. அந்த ஞாயிறு மெஸ்ஸில் இட்லி மலைபோல மிஞ்சியது. மறுநாள், பக்கத்து வீட்டுத் தையல்காரி ராபியா, ஒரு தூக்கில் கஞ்சியோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிரின்சிட்டா நீந்தும்போது போடுகிற முழுக்கைச் சட்டையைத் தைத்தவள் அவள்தான். சைக்கிள் சட்டையின் முதுகில் பழம் வைக்கப் பை வைத்தவளும் அவள்தான்.

"ஏட்டி, நேத்து நீ சைக்கிள் எடுக்கல."

"எங்க எடுக்க? எந்திரிக்கவே முடியல."

"தெருவுல ஒருத்தருக்கும் பசிக்கல."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"போன வாரம் கன்னியாகுமரி போய்ட்டு வந்தேல்லா, வழில என்ன சாப்ட்ட?"

பிரின்சிட்டா யோசித்தாள். பையில் வைத்த கடலை மிட்டாய் பையோடுதான் திரும்பி வந்திருந்தது. "ஒன்னும் சாப்டலட்டி. பசிக்கவே இல்ல."

"உனக்கு எப்படிப் பசிக்கும்?" என்றாள் ராபியா, கஞ்சியை ஆற்றிக்கொண்டே. "அத நாங்கல்லா பட்டோம்."

விஷயம் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விட்டது. தெருமுனையில் சிலுவை நட்ட அந்தோணியார் குருசடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் உள்ள வீடுகளுக்கு மட்டும்தான் பசிக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கும் இல்லை என்பது தெரிந்ததும், இது தங்கள் தெருவுக்கு வாய்த்த சமாசாரம் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏன் வந்தது, எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்டவர்கள்தான் அதிகம், ஏனென்றால் அரிசி களைந்து போடுவதற்கு அது தெரிய வேண்டும்.

தாங்கள் தின்றது அவளுக்குப் போய்ச் சேர்கிறது என்பதும் போகப் போகத் தெரிந்தது. ஒரு ஞாயிறு சுயம்புலிங்கம் எண்ணெய்ப் புரோட்டாவும் சால்னாவும் போட, தெருவே அதைத் தின்று சாய, திரும்பும் வழியில் குலசேகரப்பட்டினத்தில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த பிரின்சிட்டாவுக்குக் கால் இரண்டும் கல்லாக, அவள் ஒரு வேப்பமரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். அவள் வந்து சொன்னபின், கொழுப்பு ஆகாது, மொத்தமாக வயிற்றை நிரப்புவது ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாக, அரிசியும் பழமும் கருப்பட்டியும் உப்புமாக, தண்ணீரோடு இடைவிடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் தெரு படித்துக்கொண்டது. கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு வாய். சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு வாய், வலை பின்னுகிறவர்கள் ஊசியைச் செருகிவிட்டு ஒரு வாய். சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கினார். சுருக்காவிட்டாலும் கேட்க ஆள் இருந்திருக்காது. கல்யாண வீட்டுக்காரர்கள் ஓலை வைக்கும்போது பிரின்சிட்டாவுக்குத் தனியாகச் சொன்னார்கள்: "அன்னைக்கு ஒரு மிதி மிதிச்சிருங்கக்கா, பந்தி நல்லா இருக்கும்." பிள்ளை சாப்பிடவில்லை என்று அழுத தாய்மார்கள் வார நாளிலும் வந்து, சும்மா உவரி வரைக்கும் போய் வரக்கூடாதா என்று கேட்டார்கள்.

கொஞ்ச நாளில், அவள் எங்கே போகிறாள் என்பதையும் வயிற்றை வைத்தே சொன்னார்கள். "ஆத்தூர்ப் பாலம் ஏறுதா," என்று ஒருவர் வயிற்றில் கை வைப்பார். "எதிர்காத்து போல, இழுக்கு பாரு," என்று இன்னொருவர் பழத்தை உரிப்பார்.

எல்லாரிலும் இந்தப் பசியை அதிகம் விரும்பியவர் கஸ்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்சாதி எஸ்கலின் கண்ணை மூடியதிலிருந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டதே என்று எதையாவது மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவர் காலையிலேயே குளித்து, மீன் வாங்கி வந்து, தானே மசாலா அரைத்துக் குழம்பு வைத்தார். அவர் வீட்டு அடுப்புப் புகையைத் தெருவில் எல்லாரும் பார்த்தார்கள்.

இப்படியே கார்த்திகை போய், மார்கழி போய், போட்டித் தேதியை அறிவித்தார்கள். அந்த வருஷம் தவக்காலமும் ரமலான் மாதமும் சேர்ந்தே வர இருந்தன. போட்டி, நோன்பின் மூன்றாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை.

பிரின்சிட்டா அன்றைக்கே ராபியா வீட்டுக்குப் போனாள். ராபியா மிஷினில் இருந்தாள்.

"நான் போட்டிக்குப் போகலட்டி."

மிஷின் நின்றது. "எதுக்கு?"

"நோன்பு மாசம்லா. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் என் பசியும் சேந்து வரும்."

"பசிக்கும்னு தெரிஞ்சுதான நோன்பு வைக்கோம்? அதுல உன் பசி வந்து என்ன செஞ்சிரும்?"

"சுமையாவுக்கு?"

ராபியா மிஷினிலிருந்து துணியை உருவி மடியில் வைத்தாள். அவள் மகள் சுமையாவுக்கு அதுதான் முதல் நோன்பு. மாதம் முழுக்கப் பிடிக்கப்போகிறேன் என்று பிள்ளை பள்ளிக்கூடம் பூராவும் சொல்லி வைத்திருந்தது. பிரின்சிட்டா கன்னியாகுமரி போய் வந்த ஞாயிறுகளில் அது இட்லியை வாயில் வைத்துக்கொண்டே இன்னும் பசிக்கிறது என்று அழுததை இரண்டு பேருமே பார்த்திருக்கிறார்கள்.

"என்னால தாங்க முடியும்," என்றாள் ராபியா கடைசியில். "புள்ள தாங்காது. பொய் சொல்ல மாட்டேன்."

"அதான் போகலங்கேன்."

"போகாம இருன்னு நான் சொல்லல. அத என் தலைல வைக்காத. வேற வழி இருக்கான்னு பாரு."

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. பசி அவளுடையது, அவளே வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஞாயிறு, பெரியதாழை தாண்டும்போது, விலா எலும்புக்குக் கீழே ஏதோ ஒரு பொத்தான் அவிழ்வதுபோல லேசாகத் தளர்வதை அவள் முதல் தடவையாகக் கவனித்தாள். அவிழ விடாமல் வயிற்றை இறுக்கிப் பிடித்தாள். பசி போகவில்லை. நின்று கத்தியது. பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டாள், வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு அரைப் பழம் போட்டாள். அதையும் எடுத்தாள். கால் பழத்தை வாயிலேயே ஒதுக்கி வைத்துக்கொண்டு, அது கரைந்து கரைந்து தானாக இறங்கும்வரை மிதித்தாள். அது தங்கியது.

அன்றிலிருந்து வாராவாரம் அவள் வயிற்றைப் பழக்கினாள். உப்புப் போட்ட நீர்த்த கஞ்சி ஒரு மடக்கு. கருப்பட்டித் தண்ணீர் ஒரு மடக்கு. ஒரு ஊர் தாண்டினால் ஒரு மடக்கு, ஒரு பாலம் தாண்டினால் ஒரு கடி. மூச்சு வாங்கினால் வயிறு மூடிக்கொள்ளும் என்று தெரிந்து, சாப்பிடுவதற்கு முன் வேகத்தைக் குறைத்தாள். தாகம் வரும் முன்பே குடித்தாள். காலுக்கு எத்தனை வருஷம் கொடுத்திருக்கிறேன், வயிற்றுக்கு ஒரு மாதம்கூடக் கொடுத்ததில்லையே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. மெல்ல மெல்ல, முழு வாழைப்பழம் ஒன்று உவரியிலும் தங்கியது.

தெருவில் பசி குறைந்துகொண்டே வந்து, தவக்காலம் தொடங்கியபோது சுத்தமாக நின்றுவிட்டது.

தெரு அதை லேசில் எடுத்துக்கொள்ளவில்லை. சுயம்புலிங்கம் அவளை வழியில் நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, எங்க மேல ஏதும் வருத்தமா? நாங்க சாப்டது சரியில்லையா?"

"அப்படி இல்லண்ணே. சுமையா நோன்பு வச்சிருக்கா."

"அது சரி," என்றார் அவர். குருசடி முக்கில் தாய்மார்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் கஸ்பார் வீட்டுக்கே வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம்மா பிரின்சி, குறை சொல்ல வரல. வாரத்துல ஒரு நாளுதான் எனக்குன்னு பசிச்சுது. மத்த நாளெல்லாம் கடியாரத்துக்குச் சாப்டுதேன்." வாசல்படி வரை போய்த் திரும்பினார். "போட்டி முடிஞ்சா திருப்பி விட்ருவேல்லா?"

"தெரியல மாமா. விட முடியுமான்னே தெரியல."

"சரி," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டு அடுப்பில் புகை வராத ஞாயிறுகளை அவள் ரோட்டில் இருந்தபடியே நினைத்துக்கொண்டாள். ஒரு பிள்ளைக்காக ஒரு பெரியவரைப் பட்டினி போடுகிறோமோ என்று மிதிக்கும் ஒவ்வொரு மிதிக்கும் தோன்றியது. இரண்டு பேருக்கும் நியாயமாக என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

போட்டி நாளில், விடியும் நேரத்தில், குமரிக் கடலில் அவள் மற்றவர்களோடு இறங்கினாள். கடல் அவளை ஒன்றும் செய்யவில்லை. கரையேறி, ஈரத்தோடு சைக்கிளில் உட்கார்ந்து, முதல் மடக்குக் கஞ்சியைக் குடித்தாள். தென்னந்தோப்பும் காற்றாலைகளும் போயின, வெயில் ஏறியது, பொத்தான் அவிழப் பார்க்கும்போதெல்லாம் இறுக்கினாள். ஒரு மடக்கு, ஒரு கடி. மத்தியானம் கழிந்த பின்னும் வயிறு வாசலைச் சாத்தவில்லை. சைக்கிளை விட்டு இறங்கி, முந்தின வருஷம் வேனில் ஏறிய தூரத்தையும் ஓடித் தாண்டினாள்.

அதற்கு அப்புறம்தான் வயிறு மூடியது. எத்தனை பழக்கினாலும் அதற்கும் ஒரு எல்லை இருந்தது. கஞ்சியைக் குடித்தாள், வெளியே வந்தது. கால் பழத்தை ஒதுக்கி வைத்தாள். அது கரையாமல் கன்னத்திலேயே கிடந்தது. பசி மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டே போனது. ஓட்டம் நடையாகியது. நடை தள்ளாட்டமாகியது. எதிரே வந்தவர்கள் முகங்கள் தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோலத் தெரிந்தன. விலாவுக்குக் கீழே அந்தப் பொத்தான், ஒரு விரல் பட்டால் போதும் என்று காத்திருந்தது. விட்டால் போதும், இந்தப் பாரம் இறங்கிவிடும். வெயில் இன்னும் இருந்தது. சூரியன் கடலுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நின்றது. இந்த நேரத்தில்தான் பிள்ளைக்கு நாக்கு வறண்டிருக்கும் என்று நினைத்தாள். இரண்டு கையையும் வயிற்றில் அழுத்திக்கொண்டு நடந்தாள். ஒரு வாலண்டியர் பெண் கூடவே வந்து, "அக்கா, வண்டியைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் தலையை ஆட்டினாள்.

கடற்கரையோரமாக ஒரு மீனவர் ஊர் வந்தது. அதைத் தாண்டி ஒரு தோப்பு வந்தது. தோப்புக்குப் பின்னால் வெளிச்சம் சிவந்து, பிறகு சாம்பலாகி, எங்கோ ஒரு பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

பிரின்சிட்டா நடு ரோட்டில் நின்றாள். பாங்கு முடியும்வரை நின்றாள். பிள்ளை ஒரு பேரீச்சம்பழமும் ஒரு தம்ளர் தண்ணீரும் எடுத்து முடிக்கிற நேரத்தைக் கணக்குப் பண்ணி, அதற்கு மேலும் கொஞ்சம் நின்றாள். பிறகு கையை வயிற்றிலிருந்து எடுத்தாள்.

சங்குக்கூடத் தெருவில் அன்றைக்கு நடந்ததை அவளுக்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள், ஆளுக்கு ஒரு விதமாக. சாயங்காலமே ராபியா, மெஸ்ஸிலிருந்து பெரிய அண்டாவை வாங்கித் தன் வாசலில் அடுப்பு மூட்டி, தெருவுக்கே காணும்படி நோன்புக் கஞ்சி காய்ச்சியிருந்தாள். எதற்கு இத்தனை என்று சுயம்புலிங்கம் கேட்டதற்கு, எல்லாரும் பாத்திரத்தோடு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாளாம். வந்தார்கள். பாங்கு சொன்னதும் சுமையாவும் வீட்டாரும் நோன்பு திறந்தார்கள். மற்றவர்கள் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, மரியாதைக்கு ஒரு வாய் குடிப்பதா இருப்பதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஸ்பார் வரிசையின் கடைசியில், கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். திடீரென்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "வந்துட்டு," என்றார்.

வந்தது ஒரு நாள் பசி. விடியற்காலையிலிருந்து ஒரு பெண் தனியாகச் சுமந்த மொத்தப் பசியும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து தெருவுக்குள் இறங்கியது. அகப்பை அண்டாவில் போய்ப் போய் வந்த சத்தம் மட்டும்தான். பிள்ளைகள் கிண்ணத்தை நக்கினார்கள். சுயம்புலிங்கம் நின்றுகொண்டே குடித்தார். கஸ்பார் குடித்துவிட்டு நீட்டினார், ராபியா ஊற்றினாள்; திரும்பவும் நீட்டினார், திரும்பவும் ஊற்றினாள்; சுமையா தன் கிண்ணத்திலிருந்து ஒரு வடையை எடுத்து அவர் கிண்ணத்தில் போட்டாள்.

இருட்டிய ரோட்டில் பிரின்சிட்டாவின் வயிற்றுக்குள் வெதுவெதுப்பாக ஒன்று இறங்கியது. குழைந்த அரிசியும் இஞ்சியும் புதினாவும் தேங்காய்ப்பாலுமாக அது இறங்கி, இடுப்புக்குப் போய், தொடைக்குப் போய், பாதம் வரைக்கும் போனது. கால்கள் தன்னுடையவை என்று தெரிந்தது. இரண்டு எட்டு நடந்தாள். பிறகு ஓடினாள். வழியில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, வேனைத் தாண்டி, விளக்குக் கம்பங்களைத் தாண்டி, வேகமில்லாமல், நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் பாதியைப் பிரித்திருந்தார்கள். இருந்தவர்கள் கை தட்டினார்கள். கழுத்தில் பதக்கத்தைப் போட்ட பையன் ஒரு வாழைப்பழத்தை நீட்டினான். வேண்டாம் தம்பி, வயிறு நிறைஞ்சிருக்கு என்றாள். அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ராபியாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தமும் கஸ்பார் மாமா யாருடனோ உரக்கப் பேசிச் சிரிக்கிற சத்தமும் கேட்டன.

"முடிச்சிட்டேன்டி."

"தெரியும். இப்பத்தான் எல்லாருக்கும் பசி நின்னுச்சு." ராபியாவின் குரல் களைத்திருந்தது. "சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்." பிரின்சிட்டா உதட்டை நாக்கால் தடவினாள். "நல்லாருந்துச்சு. உப்புதான் கொஞ்சம் கூடிருச்சு."

"இங்கயும் எல்லாரும் அதத்தான் சொன்னாங்க," என்றாள் ராபியா. "காலையிலருந்து வேர்த்துக் கொட்டியிருப்பேல்லா. உனக்குன்னுதான் கூடப் போட்டேன்."